பழைய பத்திரத்தில் முன்னோரைத் தேடும்போது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அதனால் பழைய நிலப் பத்திரத்தில் எள்ளுத் தாத்தாவின் பெயரைப் பார்த்ததும் அவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருடைய தாத்தாவாகவும் இருக்கலாம். முதலில் ‘இன்னார் குமாரர்’ என்கிற தகப்பன் பெயரைப் பாருங்கள். அப்புறம் தமிழ் வருஷம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘பிரபவ’ என்றால் 1807, 1867 இரண்டுக்கும் பொருந்தும். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி இருந்தால் 1867தான். நான்கெல்லை விவரத்தை, அதாவது நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது, யார் நிலம் என்பதை, அவசியம் எழுதி வையுங்கள், எனக்கு அதுதான் பொக்கிஷமாகத் தெரிகிறது. வாய்க்கால் பெயர் ஊரில் இன்னும் வழக்கில் இருக்கும். பக்கத்து வயல்காரர் பல சமயம் பங்காளியாகவே இருப்பார். அந்த வீட்டுப் பரணிலும் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.