ஆங்கிலத் துணிமணிச் சொற்களை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ட்ரோப் என்ற சொல்லைப் பார்த்ததும் அகராதியில் முதலில் இருப்பதைப் போட்டுவிடாதீர்கள். துணி வைக்கும் மரச்சாமான் என்றால் ஸ்பெயினில் அர்மாரியோ, ஒருவரிடம் இருக்கிற மொத்த உடுப்புகள் என்றால் குவார்தரோப்பா, நாடகத்துக்கான உடைகள் என்றால் பெஸ்துவாரியோ. அர்மாரியோ நமக்கு எளிதில் மறக்காது, ஏனென்றால் நம் அலமாரியும் போர்த்துகீசியம் வழியாக அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தச் சொல்லை எல்லா நாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. மெக்சிகோவில் சுவரோடு கட்டிய அலமாரி க்ளோசெட், அர்ஜென்டினாவில் ப்ளகார். எஸ்காப்பராத்தே என்றால் வெனிசுவேலாவில் துணி அலமாரி, ஸ்பெயினிலோ கடை வாசலில் சரக்கை அடுக்கிக் காட்டும் கண்ணாடி ஜன்னல்! யார் படிக்கப்போகிறார்கள், எந்த நாடு என்று கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஜாக்கெட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஸ்பெயினில் ச்சக்கேத்தா என்பது சாதாரணச் சொல். மெக்சிகோவில் அதற்குக் கொச்சையான பாலியல் பொருளும் உண்டு, அதனால் அங்கே ச்சமர்ரா என்று எழுதுங்கள். அர்ஜென்டினாவில் கம்பேரா. நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை என்று நினைவிருந்தால், ஒரே சொல் ஊருக்கு ஊர் மாறுவது ஆச்சரியமாக இருக்காது.

மூல ஆங்கிலம் எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள். அமெரிக்கர் பேண்ட்ஸ் என்றால் பந்தலோனெஸ், அதாவது முழுக்கால் சட்டை. பிரிட்டிஷ்காரர் சொன்னால் உள்ளாடை. வெஸ்ட் என்பதும் அப்படித்தான், அமெரிக்காவில் சட்டைமேல் போடும் கையில்லாத கோட்டு, பிரிட்டனில் பனியன். அப்புறம், செஸ்ட் ஆஃப் ட்ராயர்ஸ் என்பதில் வரும் செஸ்ட்டை பேச்சோ என்று எழுதினால் அது மனித நெஞ்சு. துணி வைக்கும் அந்த இழுப்பறைப் பெட்டிக்கு கோமொதா என்ற தனிச்சொல்லே இருக்கிறது.

நன்றாக எழுதுபவர்கள்கூடச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'என் செருப்பைக் கழற்றினேன்' என்றுதான் சொல்ல வேண்டும், அந்த 'என்' அங்கே கட்டாயம். ஸ்பானிஷில் அது வேண்டாம், 'மே கித்தே லோஸ் சப்பாத்தோஸ்' என்றாலே போதும், வினையோடு வரும் 'மே' என்பதே யாருடையது என்று சொல்லிவிடும். தமிழில் நாமும் 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்' என்றுதானே சொல்கிறோம், 'என்' எங்கே வருகிறது? இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் எப்படி வருகிறதோ அப்படி யோசித்து எழுதுங்கள், சரியாக வரும்.