டெல்டாவில் 'அண்டர்கிரவுண்ட்' திரையிட: நேரம், சத்தம், சப்டைட்டில்

யூகோஸ்லாவியாவின் போர்களைப் பற்றி எமிர் குஸ்துரிட்சா இயக்கிய 'அண்டர்கிரவுண்ட்' (1995) படத்தைத் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்ட நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது நேரத்தை. படம் 167 நிமிடம். அறிமுகத்துக்கு 10, இடைவேளைக்கு 20 என்று சேர்த்தால் 197. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதே காலைத் தாண்டி முடியும். ஏழுக்கு ஆரம்பித்தால் பத்தேகால் ஆகிவிடும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதால் கடைசிக் காட்சியில்தான் கை வைக்க வேண்டிவரும். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். அழைப்பிதழில் 5.30 என்று போடுங்கள். நாற்காலி நிரம்ப எப்படியும் ஆறாகும்.

கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிர்வாணம், கொலை, தூக்குப் போட்டுக்கொள்ளும் காட்சி எல்லாம் இருப்பதால் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்பதை அழைப்பிதழிலேயே பெரிதாகப் போடுவது நல்லது. பேண்டு வாத்தியப் படம் என்று கேள்விப்பட்டுப் பேரப்பிள்ளைகளோடு வருகிறவர்கள் உண்டு.

கோப்பு கைக்கு வந்ததும் மொத்த நேரத்தைப் பாருங்கள். 167க்குப் பதில் 160 நிமிடம் என்று காட்டினால் காட்சி எதையும் வெட்டவில்லை; வினாடிக்கு 24 சட்டகமாக (ஃபிரேம்) எடுத்ததை 25 ஆக ஓட்டும் ஐரோப்பிய வீடியோப் பிரதி அது. 24க்குச் செய்த சப்டைட்டிலை அதன்மேல் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் போனதும் வசனம் இரண்டரை நிமிடம் பின்தங்கிவிடும். வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டிக்கொண்டே இருப்பதால் இது தீராது. அவை மொத்த வசனத்தையும் முன்னே பின்னே தள்ளுமே தவிர வேகத்தை மாற்றாது. சப்டைட்டில் திருத்தும் மென்பொருளில் சட்டக வேகத்தை 24இலிருந்து 25க்கு மாற்றிச் சேமியுங்கள். இதே படத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலே ஓடும் தொலைக்காட்சி வடிவம் ஒன்று உண்டு. அதன் சப்டைட்டில் இதற்கு எந்த வகையிலும் பொருந்தாது.

தமிழில் நீங்களே சப்டைட்டில் செய்தால் கோப்பைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்க வேண்டும்; இல்லையென்றால் திரையில் கேள்விக்குறிகள்தான் வரும். ஒரு வரிக்கு முப்பது எழுத்து, மொத்தம் இரண்டு வரி. இந்தப் படத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், பின்னால் ட்ரம்பெட் வேறு. எல்லாவற்றையும் எழுதப் போனால் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். கதையை நகர்த்துகிறவனின் வசனத்தை மட்டும் எழுதுங்கள். வசவுகளை மென்மையாக்காதீர்கள்; அவர்கள் கொஞ்சுவதே வசவில்தான்.

படத்தின் விகிதம் 1.85க்கு 1. திரை 12 அடி அகலம் என்றால் உயரம் ஆறரை அடி. வீச்சு விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள புரொஜெக்டரைத் திரையிலிருந்து 18 அடியில் வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்துத் தரை சமதளம் என்பதால் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். குறைந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னிருப்பவர் தலைதான் சப்டைட்டில். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து ஹெச்டிஎம்ஐ கேபிளைக் குட்டையாகப் போடுங்கள். சாதாரணக் கேபிள் 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். நீளமாக இழுக்க வேண்டியது ஒலிக் கேபிளை. 'உம்ம்' என்று இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆம்பிளிஃபயர் இருக்கும் அதே பிளக் வரிசைக்குச் சார்ஜரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை புரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு யூபிஎஸ் கட்டாயம். சூடான விளக்கு இருக்கும்போதே விசிறி நின்றுபோனால் விளக்கின் ஆயுள் குறையும். சம்பா வயலுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி திரையை மொய்க்கும். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் போடுவதே மேல்; மழைக்கும் அதுதான் வசதி.

இந்தப் படம் நிற்பதும் விழுவதும் சத்தத்தில். கோரன் பிரெகோவிச்சின் இசை முழுக்கப் பித்தளை ஊதுவாத்தியம். ஒட்டோமான் ராணுவ வாத்தியமும் ரோமா (ஜிப்சி) இசைக்காரர்களின் கைவேலையும் கலந்து வளர்ந்த மரபு அது. கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் இதைப் போட்டால் ட்ரம்பெட் தகரமாகக் கிழியும், வசனம் காணாமல் போகும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, முடிந்தால் பேஸ் பெட்டி ஒன்று என்று சொல்லிக் கேளுங்கள். ஒலியளவை வசனக் காட்சியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஊர்வலம் ஓடும் தொடக்கக் காட்சியைப் போட்டு, அதில் பிசிறு வராத அளவுக்குக் குறைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். ஆள் நிறைந்தால் சத்தம் உறிஞ்சப்படும். அதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

வாசலில் உள்ளூர் பேண்டு செட்டைக் கால் மணி நேரம் வாசிக்கச் சொன்னால் கூட்டத்தின் காது பழகிவிடும். தவில்காரர் யாராவது வந்தால், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் இசையில் அடிக்கடி வரும் 2+2+2+3 என்ற ஒன்பதைச் சொல்லிப் பாருங்கள். ஒன்பது எண்ணிக்கையான சங்கீர்ணம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

அறிமுகத்தில் பேச்சாளர் செர்பியர்கள் ஒட்டோமானியரோடு மோதிய 1389 கொசோவோ போரிலிருந்து ஆரம்பித்தால் மைக்கை வாங்கிவிடுங்கள். மூன்றே செய்தி போதும். 1941 ஏப்ரல் 6, ஜெர்மனி யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடைக் குண்டு போட்டுத் தாக்கியது, மிருகக்காட்சிசாலையும் தப்பவில்லை. போருக்குப் பின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ ஆண்டார், 1980இல் இறந்தார். 1991இலிருந்து யூகோஸ்லாவியா போரோடு உடைந்தது. படமும் போர், பனிப்போர், போர் என்றுதான் மூன்றாகப் பிரிகிறது. மார்கோ தன் நண்பர்களை, வெளியே இன்னும் போர் நடக்கிறது என்று நம்பவைத்து இருபது வருடம் நிலவறையில் ஆயுதம் செய்யவைக்கிறான் என்பது வரை சொல்லலாம். கடிகாரத்தில் அவன் செய்யும் தில்லுமுல்லையும், வெளியே வந்த அவன் நண்பன் பிளாக்கி போர்ப் படத்தின் படப்பிடிப்பை நிஜப் போர் என்று எண்ணுவதையும் சொல்லிவிடாதீர்கள்.

இடைவேளையை முதல் பாகம் முடியும் இடத்தில் விடுங்கள். சரிபாதி என்று பார்த்தால் நிலவறைக் கல்யாணத்தை ஒட்டி வெட்டு விழும். ஏறிக்கொண்டே போகும் அந்த வெறியை நடுவில் நிறுத்தினால் திரும்ப ஏற்ற முடியாது. ஒத்திகையில் அந்த நிமிடத்தைக் குறித்து ஆபரேட்டரிடம் எழுதிக் கொடுங்கள்.

விவாதத்தை அன்றிரவு வைக்காதீர்கள், நேரம் இல்லை. மறுநாள் காலை நூலகத்தில் வையுங்கள். படம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியபோதே அது செர்பியத் தரப்புக்குச் சாய்கிறது என்று பிரான்ஸில் கடும் சண்டை நடந்தது. ஜெர்மானியப் படையை ஸ்லோவேனியாவின் மாரிபோரிலும் குரோஷியாவின் ஸாக்ரெபிலும் கூட்டம் வரவேற்பதையும், பெல்கிரேடில் இடிபாடுகளையும் காட்டும், படத்தில் வரும் பழைய செய்திப்படத் துண்டை விவாதத்தில் மறுபடி போட்டுக் காட்டினால் குற்றச்சாட்டு எதைப் பற்றியது என்று புரியும். யாராவது ஈழத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். 'அதுவும் இதுவும் ஒன்று' என்று போகும்போது மட்டும் நடத்துபவர் குறுக்கிட்டு, படத்தில் எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சு மறுபடி திரைக்கு வந்துவிடும்.