மாட்சா போடுபவர்கள் செய்யும் தவறுகள்: முதலில் அந்த டப்பாவைக் கீழே வையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவைப் போடப் பழகி அவளுக்கு ஒரு மாதம் ஆகிறது. "இன்னிக்கு நானே போடறேன் சித்தி" என்று சமையலறைக்குள் போனவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள், டப்பாவை எடுத்தாள், எடுத்த கையோடு மூடியைத் திருகப் போனாள். "திறக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் டப்பாவை மேடையில் வைத்துவிட்டாள். "குளிர்ச்சியா வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியையும், புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வேறு சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன். எல்லாமே நான் ஒரு காலத்தில் செய்தவை.

பொடியை அள்ளிக் கொட்டுவது, சர்க்கரை போடுவது பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர்ந்த டப்பாவைத் திறப்பது

சில வருடங்களுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர் ஜப்பான் போய்விட்டு வரும்போது, உஜியில் வாங்கிய 40 கிராம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கியோத்தோவுக்குத் தெற்கே இருக்கும் உஜி, நூற்றாண்டுகளாக மாட்சாவுக்குப் பேர் போன ஊர். முதல் நாள் திறந்தபோது பொடி நாற்றங்கால் பச்சையில் இருந்தது. பச்சைப் பட்டாணியை உரிக்கும்போது வருமே, அந்த வாசனை. இவ்வளவு நல்ல பொடியைத் தினமும் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது, நல்ல நாளுக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

எப்போதாவது ஒரு ஞாயிறு காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பேன், உடனே திறப்பேன், இரண்டு கரண்டி எடுப்பேன், மூடி உள்ளே வைப்பேன். சென்னையின் ஏப்ரல் மாதம் அது. வெளியே எடுத்த அரை நிமிடத்தில் தகர டப்பாவின் மேல் ஈரம் பூக்கும். விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். வெளிப்பக்கம் பூப்பது கண்ணுக்குத் தெரிகிறது, துணியால் துடைத்துவிடுகிறோம். மூடியைத் திறந்ததும் அதே புழுக்கமான காற்று உள்ளே இறங்கி, குளிர்ந்த பொடியின் மேலும் ஈரமாகப் படிகிறது. அது தெரிவதில்லை, துடைக்கவும் முடியாது.

நல்ல மாட்சாவின் துகள் 10 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அவ்வளவு நைசான பொடி ஈரத்தையும் காற்றையும் உடனே இழுத்துக்கொள்ளும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பச்சையம் சிதைந்து பழுப்பேறும், வாசனை போய்விடும். முதலில் டப்பாவின் விளிம்பில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தன. அப்புறம் நிறம் மங்கி முருங்கைக்கீரைப் பொடி மாதிரி ஆனது. ஐந்தாவது மாதம், கியோத்தோவில் சில காலம் இருந்த தோழி ஒருத்தி வந்தாள். இந்த நாளுக்காகத்தானே வைத்திருந்தோம் என்று ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். காய்ந்த வைக்கோல் வாசனை அடித்தது, அதோடு லேசாக ஃப்ரிட்ஜில் இருந்த சாம்பார் வாசனையும். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தாள்.

இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. பறிப்பதற்கு முன் மூன்று நான்கு வாரம் தேயிலைச் செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெயில் பட்டால் தியானின் என்ற அமினோ அமிலம் குறைந்து துவர்ப்பு ஏறும். நிழலில் அது இலையிலேயே தங்குகிறது, மாட்சாவின் இதமான சுவைக்கு அதுதான் காரணம். பறித்த இலையை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குகிறார்கள். அப்படிக் கிடைப்பது தென்சா. அதைக் கல் திருகையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் 30, 40 கிராம்தான் விழும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி வாசனை கெடும். ஒரு திருகை ஒரு மணி நேரம் நிதானமாகச் சுற்றித் தந்ததை, 'பத்திரமாக வைக்கிறேன்' என்று சொல்லியே நான் பாழாக்கினேன்.

பழைய காலத்தில் ஜப்பானியர்கள் பொடியைச் சேமித்து வைக்கவே இல்லை. வசந்தத்தில் பறித்த இலையை மண் ஜாடியில் போட்டு, வாயை அடைத்துக் காகிதம் ஒட்டி வைப்பார்கள். இலையுதிர்காலம் முடியும்போது, நவம்பர் வாக்கில், ஜாடியைத் திறந்து தேவைக்கு மட்டும் இலையை எடுத்து அரைப்பார்கள். தேநீர்ச் சடங்கு பயில்கிறவர்கள் இன்றும் ஜாடி திறக்கும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். எடோ காலத்தில் (1603–1868) உஜியிலிருந்து ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளருக்குத் தேயிலை ஊர்வலமாகப் போனதும் இப்படி அடைத்த ஜாடிகளில்தான், இலையாகத்தான். நமக்குக் கடையில் கிடைப்பது பொடி. இலைக்கு இருக்கும் ஆயுள் அதற்குக் கிடையாது.

ஆகவே இப்போது நான் செய்வது இது. பிரிக்காத டப்பாவை ஜிப் உள்ள பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். திறக்கப்போகும் நாளுக்கு முந்தைய இரவே வெளியே எடுத்து, மூடியபடியே விட்டுவிடுகிறேன். காலையில் டப்பாவைத் தொட்டால் துளிக் குளிர்ச்சிகூடத் தெரியக் கூடாது. அதன் பிறகுதான் மூடியில் கை வைக்கிறேன். திறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டுகிறேன். திறந்ததை மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதில்லை. அடுப்புக்குத் தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில் இறுக மூடி வைத்து, மூன்று வாரத்தில் தீர்த்துவிடுகிறேன். திறந்தபின்பும் ஃப்ரிட்ஜில்தான் வைப்பேன் என்பவர்கள், ஒவ்வொரு முறையும் குளிர்ச்சி போகும்வரை காத்திருந்தாக வேண்டும். காலை அவசரத்தில் யாரும் காத்திருப்பதில்லை, நானும் காத்திருந்ததில்லை.

பெரிய பாக்கெட் வாங்குவது

ஒரு கோப்பைக்கு 2 கிராம். 30 கிராம் டப்பா 15 கோப்பை. தினம் ஒன்று குடித்தால் இரண்டு வாரம், சரியாக இருக்கும். 100 கிராம் பாக்கெட்டில் விலை குறைவு என்று தோன்றும். ஆனால் ஒருவரே குடித்தால் ஏழு வாரம் ஆகும், கடைசி மூன்று வாரம் வைக்கோல்.

'செரிமோனியல்' என்ற சொல்லை நம்புவது

தேநீர்ச் சடங்குக்கு ஏற்ற உயர்தரம் என்ற பொருளில் டப்பாவில் போடும் அந்தச் சொல்லுக்கு ஜப்பானில் சட்டப்படியான தர அளவு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஊர்ப் பெயர் இருக்கிறதா பாருங்கள். உஜியோ, ஐச்சி மாகாணத்தின் நிஷியோவோ, ஃபுகுவோகாவின் யாமேயோ, ககோஷிமாவோ என்று சொல்லியிருந்தால் நல்லது. தேதி பாருங்கள். வாங்கியதும் ஒரு வெள்ளைத் தாளில் துளி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: பளிச்சென்ற பச்சைக் கோடு விழுந்தால் சரி, மஞ்சள் கலந்த மங்கல் என்றால் பாலில் கலக்கவோ கேக்கில் போடவோ வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர்

கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். இரண்டு தடவை மாற்றினால் 80, மாட்சாவுக்கு அந்தச் சூடு போதும்.

சலிக்காமல் போடுவது

டீ வடிகட்டி போதும். சலியுங்கள்.

தயிர் கடைவதுபோல் கடைவது

சாசென் என்பது ஒரே மூங்கில் துண்டைக் கீறிக் கீறிச் செய்த கடைகோல். நாரா மாகாணத்தின் தகயாமாவில் இதைச் செய்வதற்கென்றே குடும்பங்கள் இருக்கின்றன. எண்பது, நூறு என்று மெல்லிய பற்கள். மத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து வட்டமாகச் சுற்றினால் பொடி ஓரத்தில் ஒதுங்கும், நுரை வராது. அடியில் அழுத்தினால் பல் உடையும். முதலில் வெந்நீரில் ஒரு நிமிடம் நனையுங்கள், பற்கள் வளைந்து கொடுக்கும். 2 கிராம் பொடிக்கு 60, 70 மில்லி தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் மணிக்கட்டை முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுங்கள். பதினைந்து இருபது விநாடியில் பெரிய குமிழிகள் உடைந்து நைசான நுரையாக அடங்கும். கடைசியில் மெதுவாக மேற்பரப்பை மட்டும் தடவி எடுங்கள்.

முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு கூடாது, மூங்கில் அதைக் குடித்துக்கொள்ளும். என் தோழி ஈரத்தோடு அதை வந்த பிளாஸ்டிக் குழாயிலேயே திரும்பப் போட்டு மூடினாள். நான்காம் நாள் பற்களுக்கு நடுவே சாம்பல் நிறப் பூஞ்சை. தூக்கிப் போட்டாள். காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள்.

வெறும் வயிற்றில்

வேண்டாம். சிலருக்குக் குமட்டும்.

சாப்பாட்டோடு

அதுவும் வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தேநீர் குறைக்கும். ரத்தசோகை இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

ஓரமாக வைத்துவிட்டுப் போவது

மாட்சா தண்ணீரில் கரைவதில்லை, துகளாகக் கலந்து நிற்கிறது. ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பொடி அடியில் படிந்து, மேலே சாரமில்லாத தண்ணீர், கீழே கசக்கும் சேறு. ஜப்பானில் இனிப்பை முதலிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே கிண்ணத்தைக் கையில் எடுப்பார்கள். என் வீட்டில் அதற்குப் பாதி அதிரசம். கடைந்த சூட்டோடு மூன்று நான்கு வாயில் குடித்துவிடுகிறேன். அதன் பிறகும் கிண்ணத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, அதையும் குடித்துவிடுங்கள்.