காணிவேல் சில்லு ஒரே இலக்கத்தில் நின்றால்

ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தம் முடிந்ததும் நாங்கள் ஓடுவது ராட்டினத்துக்கும் அதிர்ஷ்டச் சில்லுக்கும்தான். அப்படியொரு பழைய பலகைச் சில்லு கல்லடியில் கிடைத்தது. எப்படிச் சுழற்றினாலும் மேலே 7 வந்து நின்றது. ஒரு பக்கப் பலகை ஈரம் குடித்துப் பாரமாகியிருந்தது. பாரமான பக்கம் கீழேதான் வரும்.

முதலில் துருப்பிடித்த பெயாரிங்கை மாற்றினேன். அது இறுகியிருந்தால் எது பாரமான பக்கம் என்றே சரியாகத் தெரியாது. அப்புறம் ஆணிகளில் தட்டும் தோல் நாக்கைக் கழற்றிவிட்டு, கீழே வந்த பக்கத்துக்கு நேர் எதிரே, பின்புறமாக, வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நின்றால் சரி.

கையால் எழுதிய பழைய இலக்கங்களுக்குப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள், அழகே அதுதான். வார்னிஷ் பூசினால் காய்ந்தபிறகு சமநிலையை மறுபடி பாருங்கள்.