மலேசியாவில் விசா முடிந்து மாட்டிக்கொண்டவரை ஊருக்கு அழைத்து வர

காரைக்குடியில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. தேவகோட்டை, கண்டனூர் பக்கமிருந்து வரும் பெண்கள் பலரும் சொல்வது இதுதான்: "டூரிஸ்ட் விசாவுல அனுப்பிட்டாங்கண்ணே, பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கு."

முதலில் பாஸ்போர்ட் நகல், விசா, வேலையிடத்தின் முகவரி, ஏஜென்டுக்குப் பணம் கொடுத்த ரசீது எல்லாம் சேருங்கள். நகல் இல்லையா? பழைய வாட்ஸ்அப்பில் தேடுங்கள்.

அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் சிவகங்கை கலெக்டரிடமும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது மலேசியச் சட்டப்படியே குற்றம். அது கிடைக்கவே இல்லையென்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கலாம். ஊர் திரும்பும் ஒரே பயணத்துக்குத்தான் அது செல்லும்.

ஆனால் அதை மட்டும் நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) அனுமதியும் வேண்டும். அந்நாட்டின் 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதி முடிந்தும் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டார் மனம் உடைவது இந்த இடத்தில்தான். அபராதத்தைக் குறைத்துத் திருப்பி அனுப்பும் திட்டங்களை அந்த அரசு அவ்வப்போது அறிவிக்கும். இப்போது உண்டா என்று தூதரகத்தில் கேளுங்கள். 'ஏர்போர்ட்டில் நம்ம ஆள் இருக்கு' என்பவனை நம்பித் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள், தாயீ.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் 1983 குடிபெயர்வுச் சட்டத்தைக் குறிப்பிட்டுப் போலீசில் தனியாகப் புகார் கொடுங்கள்.