பி பெறுமானம் 0.05க்குக் கீழ வந்தா என்ன அர்த்தம்?

திருகோணமலையில ரிசேர்ச் செய்யிற தம்பி தங்கச்சிமார் கனபேர் கேக்கிறது, புள்ளிவிவரச் சோதனையில வாற பி பெறுமானம் (p-value) 0.05க்குக் கீழ வந்திட்டுது, அப்ப என்ர முடிவு சரிதானே எண்டு. இல்லை, அப்பிடி இல்லை.

ஒரு ரூபாக் குத்தியை 10 தரம் சுண்டிப் பாருங்கோ. 8 தரம் தலை விழுந்தா குத்தியில ஏதோ பிழை எண்டு தோணும், ஆனா ஒழுங்கான குத்தியிலயும் தலைப்பக்கமோ பூப்பக்கமோ இவ்வளவு, இல்லாட்டி இதைவிடக் கூட சாய்வு வர 1024க்கு 112 வாய்ப்பு இருக்கு, கிட்டத்தட்ட 0.11. அதுதான் பி பெறுமானம். 9 தரம் எண்டா 0.02. வித்தியாசமே இல்லையெண்டு வைச்சுக்கொண்டா இப்பிடி டேட்டா வர எவ்வளவு சான்ஸ், அதை மட்டுந்தான் அது சொல்லுது, உங்கட கருதுகோள் சரியா பிழையா எண்டு இல்லை. இந்த இடத்திலதான் கனபேர் வழுக்கிறது.

0.05 எண்ட கோட்டை புள்ளிவிவரவியலாளர் பிஷர் 1925ல வசதிக்காக எடுத்தவர், அதால 0.049ஐக் கொண்டாடி 0.051ஐக் குப்பையில போடாதீங்கோ.

பிறகு நம்பிக்கை ஆயிடையைப் பாருங்கோ, அதாவது உண்மையான அளவு எதில இருந்து எதுவரை இருக்கலாம் எண்டு டேட்டா காட்டுற வீச்சை, எனக்கு இதுதான் பெரிசு. கிண்ணியாவில 100 மீன்பிடிக் குடும்பத்தை எழுமாறா எடுத்துக் கேட்டு பாதிப்பேர் ஆம் எண்டா, 95% ஆயிடை 40 தொடக்கம் 60 சதவீதம் வரை போகும், 400 எண்டா 45 தொடக்கம் 55. நாலு மடங்கு ஆக்களைக் கேட்டாத்தான் அகலம் பாதியாகும்.

இன்னொண்டு, தனித்தனியா 20 சோதனை போட்டா, உண்மையில ஒண்டுமே இல்லாட்டியும் ஒண்டாவது 0.05க்குக் கீழ வர 64% வாய்ப்பு. எத்தினை போட்டனீங்கள் எண்டதையும் ரிப்போர்ட்டில எழுதுங்கோ.