ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர் உங்கள் மருந்துக் கடைக்கு வந்தால்

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏ.ஆர்.டி. எனப்படும், கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். 2004 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் அது. 'நம்ம கடையில அந்த மருந்தே கிடையாது, நமக்கெதுக்கு' என்று தனியார் கடைக்காரர் நினைப்பதற்கு இதுவே காரணம். ஆனால் நெஞ்செரிச்சலுக்கும் சத்து மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அவர் வருவது உங்கள் கடைக்குத்தான். முகம் சுளிக்கும் கடையில் யாரும் தான் சாப்பிடும் மருந்தைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டால், எது எதோடு மோதும் என்று பார்க்க உங்களுக்கு வழியே இல்லை.

முதலில் மாத்திரை

இப்போது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படுவது டி.எல்.டி. ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, தினமும் ஒரே நேரத்தில். தூக்கம் கெடுகிறது என்றால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் போட வேண்டும். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடலாம். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

சீட்டோடு வந்து கேட்பவருக்கு மாற்று கொடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் மட்டும் சேர்ந்த மாத்திரையும் சந்தையில் உண்டு. பெயர் ஒத்திருக்கிறதே என்று அதைக் கொடுத்தால், மூன்று மருந்து தேவைப்படும் இடத்தில் இரண்டுதான் போகும். கிருமி அந்த மருந்துகளுக்குப் பழகிவிடும், பிறகு அவை வேலை செய்யாது. டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மி.கி. என்பதும் வேறு வகை. மருத்துவரைக் கேட்காமல் 300-க்குப் பதிலாக அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

டெனோஃபோவிர் சீட்டைப் பார்த்தவுடனே 'இவருக்கு எச்.ஐ.வி.' என்று முடிவுகட்டுவதும் தவறு. மஞ்சள் காமாலை பி வகைக்கும் அதே மருந்துதான்.

எதை விற்கும்போது யோசிக்க வேண்டும்

அதிகம் இடறுவது ஜெலூசில், டைஜீன் போன்ற அமில முறிப்பிகளில். அவற்றிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் குடலிலேயே டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்தில் ஏறாது. டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்து அமில முறிப்பி குடிக்கலாம். அமில முறிப்பியை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்துத்தான் டி.எல்.டி. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் இதைக் கெடுப்பதில்லை. ஆனால் அடாசனாவிர் என்ற வேறொரு எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்கு பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையே ஆகாது. 'கேஸ் மாத்திரை' என்று பொதுவாகக் கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

கால்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் அதே கணக்கு. ஒரு சலுகை உண்டு: சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் டி.எல்.டி.யுடன் ஒரே நேரத்தில் போடலாம். கர்ப்பிணிக்கு இதைவிட எளிதாகச் சொல்லலாம்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், மதியம் இரும்புச்சத்து, இரவு 9 மணிக்கு டி.எல்.டி.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின்: டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் உயர்த்தும். நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் எழுதியிருந்தால் மருத்துவரை அழைத்துப் பேசுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போகும்போது டி.எல்.டி.யோடு கூடுதலாக, அதைப் போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அது தொடரும். 'ஏற்கெனவே இதுல இருக்கே' என்று அந்தச் சின்ன மாத்திரையைத் தவிர்த்துவிடுவது நோயாளி மட்டுமல்ல, சில சமயம் மருந்து கொடுப்பவரும்தான்.

வலிப்புக்கு கார்பமாசெபின், ஃபெனிடோயின் சாப்பிடுபவரை ஏ.ஆர்.டி. மையத்துக்கே திருப்பி அனுப்புங்கள். டெனோஃபோவிரோடு டைக்ளோஃபெனாக்கை நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை. சாதாரண வலிக்கு பாராசிட்டமால் போதும். ரிடோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தென்றால் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், தலைவலிக்கான எர்கோடமைன், ஃபுளூடிகசோன் இழுப்பான் எதையும் கொடுக்கக் கூடாது.

கேட்பது எப்படி

'உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கா' என்ற கேள்வி எதற்கும் தேவைப்படாது. அமில முறிப்பி, கால்சியம் வாங்கும் எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: "தினமும் வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" எல்லோரிடமும் கேட்டால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார். தயங்கினால் வற்புறுத்தாமல், "அப்படி ஏதாவது இருந்தா அதைப் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இதைக் குடிங்க, இதைக் குடிச்ச ஆறு மணி நேரத்துக்கு அதைப் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர் எதையும் சொல்லாமலேயே பாதி வேலை முடிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவருக்கும் இதே எச்சரிக்கை பயன்படும்.

கூட்டத்துக்கு நடுவே மருந்தின் பெயரைச் சத்தமாகப் படிக்காதீர்கள். சீட்டைத் தொடுவதாலும் பணம் வாங்குவதாலும் கிருமி பரவாது. கையுறையைத் தேடுவது அறியாமையை மட்டுமே காட்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம்கூட மற்றவருக்குப் பரவுவதில்லை என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

சரக்கு இருக்கிறதா என்று கேட்க, சீட்டைப் படமெடுத்து மொத்த வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் ஆபத்தானது. மருந்தின் பெயரை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. மருத்துவச் சேவையில் பாகுபாடு காட்டுவதையும்தான்.

குப்பியும் எண்ணிக்கையும்

வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துவைக்கிறார்கள், லேபிளைக் கிழித்துவிடுகிறார்கள். திட்டாதீர்கள். மாத்திரை குப்பியிலேயே, ஈரம் உறிஞ்சும் பையோடு, மூடி இறுக்கி, 30 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும்.  லேபிளைக் கிழிப்பதற்கு முன் கைபேசியில் படமெடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து கொடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மாத்திரையை எண்ண வேண்டும். 30 கொடுத்து, 28 நாள் கழித்து வந்தவரிடம் மீதி 4 இருந்தால், அவர் போட்டது 26. 28-க்கு 26 என்றால் 93 சதவீதம். வேண்டியது 95-க்கு மேல். "ஏன் போடலை" என்பதைவிட "எந்த நாள்ல விட்டுப்போகுது" என்று கேட்டால் பதில் வரும்: வெளியூர் வேலை, இரவு ஷிப்ட், விருந்தாளி வந்த வாரம். வெளியூரில் மாத்திரை தீர்ந்தால் இடையில் நிறுத்தாமல், பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகவோ 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணை அழைக்கவோ சொல்லுங்கள்.

ஊசி குத்திவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது என்று யாராவது வந்தால் சனி, ஞாயிறு பார்க்காதீர்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள்.